பற்றை விட்டால் அம்மாவை யார் பார்ப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு மறதி நோய். மூன்று ஆண்டுகளாக நான்தான் உடனிருந்து பார்த்துக்கொள்கிறேன். சில நேரங்களில் என்னையே யாரென்று கேட்கிறார். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும்போது கத்திவிடுகிறேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். மன அமைதிக்காகப் பௌத்த தியானம் பழகத் தொடங்கினேன். அங்கே எங்கு பார்த்தாலும் "பற்றை விடு" என்கிறார்கள். பற்றை விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? விழிப்புணர்வு, கருணை, பற்றறுத்தல் மூன்றும் ஒன்றாக எப்படி இருக்க முடியும்? அம்மா போன பிறகு எப்படி விடப்போகிறேன் என்ற பயமும் இருக்கிறது.

பதில்: மூன்று ஆண்டுகளாக ஒருவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருப்பவரிடம் "பற்றை விடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. சொன்னவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் அது பாதி வரி. மீதியைச் சொல்ல முயல்கிறேன். என் தந்தையின் கடைசி எட்டு மாதங்கள் அவர் கட்டிலருகே இருந்தவன் நான். அதற்கு முன்பே பல ஆண்டுகள் தியானம் பழகியிருந்தேன். பழகியது எதுவும் முதல் மாதத்தில் கைகொடுக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொடுத்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்திலேயே இருக்கிறது. வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பிக்கு, தன் கழிவிலேயே விழுந்து கிடக்கிறார். தன் சீடர் ஆனந்தரோடு தங்குமிடங்களைப் பார்த்துக்கொண்டு வந்த புத்தர், "உன்னைக் கவனிக்க யாரும் இல்லையா?" என்று கேட்கிறார். "இல்லை. என்னால் மற்றவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை; அதனால் யாரும் கவனிப்பதில்லை" என்கிறார் அவர். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறார். புத்தர் நீரை ஊற்றுகிறார், ஆனந்தர் கழுவிவிடுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் மற்றப் பிக்குகளைக் கூட்டுகிறார். "உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பார்? என்னைக் கவனிக்க நினைப்பவர் நோயுற்றவரைக் கவனிக்கட்டும்" என்கிறார்.

உலகத்திலேயே பற்றை முழுதாக விட்டவர் என்று பௌத்தர்கள் நம்பும் ஒருவர், கழிவில் கிடந்தவரின் தலைப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். "பற்றை விட்டால் யார் பார்ப்பது?" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

அதே பகுதியில், நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவர் யார் என்பதற்கு ஐந்து அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. மருந்தைத் தயார் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருக்க வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும். மலம், சிறுநீர், வாந்தியை அள்ள அருவருப்புப் படக் கூடாது. அவ்வப்போது நல்ல சொல்லால் நோயாளியின் மனத்தைத் தேற்ற வேண்டும். எவ்வளவு கைவேலையான பட்டியல் பாருங்கள். கூடவே, எப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்வது கடினம் என்றும் சொல்லியிருக்கிறது: மருந்து சாப்பிடாதவர், தனக்கு என்ன செய்கிறது என்று உள்ளபடி சொல்லாதவர், வலியைத் தாங்க முடியாதவர். உங்கள் அம்மாவால் சொல்லவே முடியாது. ஆகவே உங்கள் வேலை உண்மையிலேயே கடினமானது. அதைக் கடினம் என்று சொல்வதால் நீங்கள் அன்பில்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள்.

அப்படியானால் புத்தர் எதைத்தான் விடச் சொன்னார்? பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அந்தச் சொல் உபாதானம். இறுகப் பிடித்துக்கொள்வது என்றும் பொருள். நெருப்பு எரியத் துணையாகும் எரிபொருள் என்றும் பொருள். மற்ற மொழிக்காரர்கள் இந்த இரட்டைப் பொருளை விளக்கச் சிரமப்படுவார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. கையைப் பற்றினான் என்கிறோம். தீப்பற்றியது என்றும் சொல்கிறோம். நாம் பற்றிக்கொள்வது நம்மையும் பற்றிக்கொள்கிறது. வடமொழியில் நிர்வாணம் எனப்படும் நிப்பானம் என்ற சொல்லுக்கும் நெருப்பு அணைவது என்பதுதான் அடிப்படைப் பொருள்.

இந்தத் தீ எப்படி ஏறுகிறது என்பதைப் பௌத்தம் பன்னிரண்டு கண்ணிகளாகச் சொல்கிறது. அவற்றில் நடுவே வரும் நான்கு மட்டும் உங்களுக்கு இப்போது போதும். மணிமேகலை அவற்றுக்கு அழகான தமிழ்ச் சொற்களைத் தந்திருக்கிறது: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. அம்மா பத்தாவது முறையாக "நீ யார்?" என்று கேட்கிறார். அந்தக் குரல் காதில் விழுவது ஊறு. உடனே உள்ளே ஒன்று சுருங்குகிறது, பிடிக்கவில்லை என்று, அது நுகர்வு. "இப்படிக் கேட்கக் கூடாது, நிறுத்த வேண்டும்" என்று எழுவது வேட்கை. "இவ்வளவு செய்கிறேன், என்னையே தெரியவில்லையா? நான் மட்டும் ஏன்? மற்றவர்கள் எங்கே போனார்கள்?" என்று ஒரு கதையாக உருண்டு திரண்டு நிற்பது பற்று. நீங்கள் கத்துவது அதற்கும் அடுத்தது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால், அம்மா கேட்டதும் கத்தியதாக நமக்குத் தோன்றுகிறது.

பாருங்கள், இந்த நான்கில் எங்குமே அம்மா இல்லை. நீங்கள் இறுகப் பிடித்திருப்பது இப்போது கட்டிலில் இருக்கும் அம்மாவை இல்லை என்றே நினைக்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அம்மாவை; உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தவரை; நீங்கள் சோர்ந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவரை. அவர் திரும்பி வர வேண்டும் என்ற பிடி அது. அந்தப் பிடி இருக்கும்வரை, இருக்கிற அம்மா உங்களை ஒவ்வொரு நாளும் ஏமாற்றிக்கொண்டே இருப்பார். பாவம், அவர் ஒன்றுமே செய்யவில்லை. விட வேண்டியது அந்தப் பிடியைத்தான். அதை விட்டால் கை காலியாகும். அதே கையால்தான் அவரைத் தொட முடியும்.

இதை ஒரே நாளில் செய்ய முடியாது. செய்ய நினைத்தாலும் அது இன்னொரு பிடியாகிவிடும். இங்கேதான் விழிப்புணர்வு வருகிறது.

விழிப்புணர்வு என்று நாம் மொழிபெயர்க்கும் பாலிச் சொல் சதி. வடமொழியில் ஸ்மிருதி. இரண்டுக்கும் நினைவு என்பதுதான் வேர்ப்பொருள். இதை உங்களிடம் சொல்லும்போது என் மனம் கொஞ்சம் தயங்குகிறது. நினைவை இழந்துகொண்டிருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் நீங்கள் பழக வேண்டியதன் பெயரே நினைவு. தமிழிலும் நினைவு என்ற சொல் கடந்ததை எண்ணுவதோடு நின்றுவிடவில்லை. "நினைவோடு இருக்கிறாரா?" என்று மருத்துவர் கேட்டால், உணர்வோடு இருக்கிறாரா என்று பொருள். சதி இந்த இரண்டும் சேர்ந்தது. இப்போது என்ன நடக்கிறது என்று அறிவது. அதை மறந்து போனால் மறந்தோம் என்று மீண்டும் நினைவுக்கு வருவது.

அந்த இரண்டாவது பாதியை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கத்தி முடித்து, குளியலறைக் கதவைச் சாத்திய பிறகு, "ஐயோ, கத்திவிட்டேன்" என்று உங்களுக்கு உறைக்கிறதே, அதுவும் சதிதான். தாமதமாக வந்தது, அவ்வளவுதான். நீங்கள் அதைத் தோல்வியின் சான்றாக எடுத்துக்கொள்கிறீர்கள். நான் அதைப் பயிற்சி வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமாகப் பார்க்கிறேன். முதலில் கத்தி முடித்த பிறகு தெரியும். பின்னர் கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் தெரியும். பிறகு என்றாவது ஒருநாள் குரல் தொண்டைக்கு வரும்போது தெரியும். அதற்கும் முன்னால், நுகர்வு வேட்கையாக மாறுவதற்கு முன், ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. பயிற்சி முழுவதும் அந்த இடைவெளியைக் கண்டுகொள்ளத்தான்.

இந்தச் சதியைப் பழகும் முறையைச் சொல்லும் புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரம், கவனத்தை நிறுத்த நான்கு இடங்களைச் சொல்கிறது: உடல், நுகர்ச்சி, மனநிலை, மனத்தில் எழும் பொருள்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு உடல்தான் நல்ல தொடக்கம். ஏனென்றால் மனம் பொய் சொல்லும். தாடை பொய் சொல்லாது. அம்மா கேள்வியைத் தொடங்கும்போது உங்கள் பற்கள் ஒன்றோடொன்று அழுந்துகின்றனவா? தோள் காதை நோக்கி ஏறுகிறதா? பின்கழுத்து சூடாகிறதா? மூன்றில் எது உங்களுக்கு முதலில் வரும் என்று ஒரு வாரம் கவனியுங்கள். மாற்ற முயல வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும். தெரிந்ததும் மனத்துக்குள் "பிடிக்கவில்லை" என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். "அம்மா பிடிக்கவில்லை" என்று நீட்ட வேண்டாம். வெறும் பிடிக்கவில்லை. பிறகு மூச்சை முழுவதுமாக வெளியே விட்டு, அதன் பிறகு அவருக்குப் பதில் சொல்லுங்கள். முதல் முறை கேட்டதற்குச் சொன்ன அதே பதில். அவருக்கு அது முதல் முறைதானே.

புத்தர் சொன்ன இரண்டு அம்புகள் உவமை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒருவனை ஓர் அம்பு தைக்கிறது. அது உடல் வலி. அதை நினைத்து வருந்திப் புலம்பும்போது இரண்டாவது அம்பும் தைக்கிறது. பெற்ற தாய் நீ யாரென்று கேட்பது முதல் அம்பு. அது வலிக்கத்தான் செய்யும். வலிக்காதது போல் நடிக்க எந்தத் தியானமும் கற்றுக்கொடுக்கவில்லை. கத்தினேனே என்று அரை மணி நேரம் உங்களையே குத்திக்கொள்வது இரண்டாவது.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான், இன்று மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பரவியிருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சிகள் பலவற்றுக்கும் தாய். நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்கு அது பெரிய உதவி செய்திருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து உருவான வகுப்புகள் பலவற்றில் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கருணையை விட்டுவிட்டார்கள். கவனம் மட்டும் கூர்மையாகி, மனம் கனியாமல் போனால், தன் எரிச்சலையே தெளிவாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூலத்தில் இரண்டும் பிரிந்ததே இல்லை.

கருணைக்கு வருகிறேன். நீங்கள் தடுமாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பௌத்தம் மனத்தின் நான்கு உயர்ந்த நிலைகளைச் சொல்கிறது. மைத்திரி, எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்ற நட்பு. கருணை, துன்பம் தீர வேண்டும் என்ற தவிப்பு. முதிதை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது. உபேக்கை, சாயாத நடுநிலை. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் இவற்றை விளக்கும்போது நுட்பமான ஒரு செய்தி சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தொலைவில் ஒரு பகை உண்டு. பக்கத்திலேயே ஒரு பகையும் உண்டு. கருணைக்குத் தொலைப்பகை கொடுமை. அதை யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். பக்கத்துப் பகை துயரம். பார்ப்பதற்குக் கருணை போலவே இருக்கும், கண்ணீரும் வரும். ஆனால் அது பிறர் துன்பத்தில் தானும் மூழ்கிவிடுவது. உபேக்கைக்குப் பக்கத்துப் பகை, எதையும் உணராத அக்கறையின்மை. மைத்திரிக்குப் பக்கத்துப் பகை எது தெரியுமா? ஆசைப் பிணைப்பு.

"பற்றை விட்டால் அன்பு போய்விடுமே" என்று உங்களுக்கு ஏன் பயம் வருகிறது என்பது இதில் விளங்கும். பிணைப்பும் அன்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதால், ஒன்றைக் காலி செய்யச் சொன்னால் மற்றதையும் சொல்வதாகக் கேட்கிறது. "பற்றை விடு" என்பதை "உணராதே" என்று புரிந்துகொண்டவர்கள் உபேக்கையின் பக்கத்துப் பகையிடம் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்கள் அமைதியாகத்தான் தெரிவார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் பயந்தது சரியே.

மூழ்குவதும் கருணையும் வேறு என்பதை நரம்பியல் அறிஞர்களும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆய்வு செய்த தானியா சிங்கர், திபெத்திய மரபில் பயின்ற பிரெஞ்சுப் பிக்கு மத்தியூ ரிக்காரோடு இதில் பணியாற்றினார். பிறர் வலியை அப்படியே தன் வலியாக உணரப் பழகியவர்களுக்கு மனச் சோர்வும் எதிர்மறை உணர்வும் கூடின. கருணைப் பயிற்சி பெற்றபோது, அதே துன்பக் காட்சிகளைப் பார்த்தும் கனிவான, நேர்மறையான உணர்வுகள் எழுந்தன. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. "கருணை காட்டிக் காட்டிக் களைத்துவிட்டேன்" என்று நாம் சொல்கிறோம். நம்மைக் களைக்க வைத்தது பெரும்பாலும் மூழ்கல்.

மூழ்காமல் இருக்க முதலில் உங்களுக்கே கொஞ்சம் மைத்திரி வேண்டும். இதைத் தன்னலம் என்று தள்ள வேண்டாம். மைத்திரித் தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறார் புத்தகோசர். தன்னிடமிருந்து மதிப்புக்குரியவருக்கும் அன்புக்குரியவருக்கும், அங்கிருந்து வேண்டியவர் வேண்டாதவர் என்று இல்லாத ஒருவருக்கு, கடைசியில்தான் பகைவருக்கு. உதவிக்கு வராத உறவினர்கள் மீது இப்போதே அன்பு செலுத்த முயன்று தோற்றுப்போகாதீர்கள். அது கடைசி வரிசை.

கழைக்கூத்தாடி ஒருவரின் கதை, புத்தரின் உரைகளின் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் வருகிறது. மூங்கிலை நிறுத்தி, தன் சீடன் மேதகதாலிகனை மேலே ஏறி நிற்கச் சொல்கிறார் குரு. "நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன், இருவரும் பத்திரமாக இறங்கிவிடலாம்" என்கிறார். சீடன் மறுக்கிறான். "அப்படி வேண்டாம் ஐயா. நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன். அப்போதுதான் பத்திரமாக இறங்குவோம்." சீடன் சொன்னதே சரியான முறை என்கிறார் புத்தர். பிறகு அதையும் தாண்டி ஒன்று சொல்கிறார்: தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான், பொறுமையாலும் தீங்கு செய்யாமையாலும் அன்பாலும் பரிவாலும் பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கிறான்.

நீங்கள் மூங்கிலின் அடியில் நிற்பவர். நீங்கள் தூக்கமில்லாமல் ஆடினால் மேலே இருப்பவர் விழுவார். ஆகவே வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் கையில் அம்மாவை ஒப்படையுங்கள். தூக்கம் கெட்டுக் கிடக்கும் உடலைத் தியானத்தால் ஈடுகட்ட முடியாது. அழுகை நிற்காமல் நாள் கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் உங்களுக்காகப் போங்கள்.

ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். மணி இரண்டு இருக்கும். படுக்கை நனைந்திருந்தது. விரிப்பை மாற்ற அப்பாவைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அவர் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவோமோ என்ற பயம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன். சுண்டுவிரலைப் பிரித்தால் ஆள்காட்டி விரல் இறுகியது. "விடுங்கள் அப்பா" என்றேன். மறுபடியும், கொஞ்சம் உரக்க. அப்போது என் கையைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவர் கம்பியைப் பிடித்திருந்ததைவிட நான் அவரை இறுக்கிப் பிடித்திருந்தேன். என் தாடையும் இறுகியிருந்தது. கையைத் தளர்த்தினேன். அவர் கைக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்து, விரிப்பை மறந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் மூச்சு கேட்டது. என் மூச்சும் கேட்டது. எத்தனை மூச்சு என்று எண்ணவில்லை. அவருடைய கட்டைவிரல் முதலில் கழன்றது. பிறகு மற்றவை என் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தன.

நெகிழ்தல் என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. வளை நெகிழ்ந்தது என்றால் பிடி தளர்ந்து கழன்றது. மனம் நெகிழ்ந்தது என்றால் அன்பால் உருகியது. நீங்கள் கேட்ட மூன்றும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு என்னிடம் உள்ள விடை இந்த ஒரு சொல்தான். பிடியைக் கண்டது விழிப்பு, தளர்ந்தது விடுதல், தளர்ந்த கை அப்படியே அவர் கைக்குக் கீழே போனது கருணை. உள்ளே அவை மூன்று செயல்களாக நடக்கவில்லை.

மறுநாள் இரவும் அவர் கம்பியைப் பிடித்தார். உள்ளங்கையை வைத்தேன். விடவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கடிந்துகொண்டேன். இதையும் சொல்லாமல் விட்டால் முதல் இரவைப் பற்றி நான் சொன்னது பொய்யாகிவிடும்.

அம்மா போன பிறகு எப்படி விடுவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆனந்தரிடம்தான் போக வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் புத்தருக்குப் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தவர். குசிநகரில் புத்தரின் கடைசி நாளில், ஆனந்தர் உள்ளே போய்க் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் குளியலறைக்குள் அழுவது போலவே. "நான் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியவன், என் மேல் இரக்கம் கொண்ட ஆசிரியர் போகப் போகிறாரே" என்றார். புத்தர் ஆளனுப்பி அவரை அழைத்தார். பிரியமான அனைத்திலிருந்தும் பிரிவு உண்டென்று முன்பே சொல்லியிருக்கிறேனே என்றார். அதோடு நிறுத்தவில்லை. "ஆனந்தா, நீண்ட காலமாக நீ அன்பான செயலாலும் அன்பான சொல்லாலும் அன்பான எண்ணத்தாலும் என்னோடு இருந்தாய்" என்று எல்லார் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினார். அந்த இருபத்தைந்து ஆண்டு அன்பை அவர் பற்று என்று பழிக்கவில்லை.

ஆனந்தர் அன்றே விடுபட்டுவிடவும் இல்லை. மாதங்கள் கழிந்து, ராஜகிருகத்தில் பிக்குகளின் முதல் பேரவை கூடுவதற்கு முந்தைய இரவு வரை அவருக்கு ஞானம் கைகூடவில்லை. அந்த இரவின் பெரும்பகுதியை உடலின் மீது நினைவை நிறுத்திக் கழித்தார். விடியும் நேரத்தில், சற்றுப் படுக்கலாம் என்று உடலைச் சாய்த்தார். பாதங்கள் தரையை விட்டு எழுந்துவிட்டன. தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் அவர் மனம் விடுபட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்று இரவு அம்மா உறங்கிய பிறகு, அடுத்த வேலையைத் தேடாமல் நீங்களும் படுங்கள்.